குடமும் ஆரக்காலும்: சந்தாபுராவிலிருந்து ஓர் ஆய்வு விண்ணப்பம்

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. சுமார் 19 கிலோமீட்டர் ஓடி பொம்மசந்திராவில் முடியும் அந்தத் தடத்தின் கடைசி நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் சந்தாபுரா வந்துவிடும். ஓசூர் நெடுஞ்சாலையிலிருந்து ஆனேக்கல் சாலை பிரிகிற இந்தக் கூட்டுரோட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள். பேச்சில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் புழங்கும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவர்கள் அநேகம்.

இதயத்துக்கும் மூளைக்கும் நாடறிந்த இரண்டு வாசல்கள் இதே சாலையில்தான் இருக்கின்றன. இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி 2000இல் தொடங்கிய நாராயணா ஹிருதயாலயா பொம்மசந்திராவில் நிற்கிறது. வடக்கே நகரை நோக்கிப் போனால் நிம்ஹான்ஸ். இந்தப் பக்கம் சந்தாபுரா–ஆனேக்கல் சாலையில் அலையன்ஸ் பல்கலைக்கழகமும் சர்ஜாபுரா பக்கம் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டும் 2010இல் மாநிலச் சட்டத்தின்கீழ் பிறந்தவை. முதல் இரண்டிலும் நோயாளிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். பின்னவை இரண்டுக்கும் மருத்துவக் கல்லூரி கிடையாது. இவற்றின் அளவில் உள்ள ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆசிரியரோ புள்ளியியல் ஆசிரியரோ இதய, மூளை நல ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வழக்கமான பதில், சிறிய இடங்களில் நல்ல யோசனை இல்லை என்பது. அது பாதிகூட உண்மையில்லை. விண்ணப்பப் படிவம் யோசனையை எடைபோடுவதற்கு முன்பே விண்ணப்பிப்பவரின் அலுவலகத்தை எடைபோட்டு முடித்துவிடுகிறது. சிறு பல்கலைக்கழகங்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: பெரிய நிறுவனத்தின் குட்டி நகலாகத் தம்மைக் காட்டி எழுதி, கையில் இருக்கும் ஒரே பலத்தை மறைத்துக்கொள்கின்றன.

முதலில் பணம். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான திட்டம் 2023இல் முன்வைக்கப்பட்டபோது அரசுத் தரப்பே ஒரு கணக்கைச் சொன்னது. அதுவரை நிதி வழங்கிவந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் தொகையில் சுமார் 65 விழுக்காடு ஐஐடிகளுக்குப் போனது. ஆய்வாளர் எண்ணிக்கை மிக அதிகமாக உள்ள மாநிலக் கல்வி நிறுவனங்களுக்கு 11 விழுக்காடு. புதிய அறக்கட்டளைக்கு 5 ஆண்டுகளில் ரூ.50,000 கோடி என்று அறிவித்தபோது, அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே இருந்தது.

உலக அளவில் இதே கோணலுக்கு ஒரு பெயரே உண்டு. 1998இல் கொச்சியில் கூடிய முதுமறதி ஆய்வாளர்கள் தம் குழுவுக்கு ‘10/66’ என்று பெயரிட்டார்கள். நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை என்பது அதன் பொருள். தம் மனக்குறையை எண்ணாக்கிப் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்ட ஆய்வுக்குழு வேறு உண்டா தெரியவில்லை. அந்தப் பின்னத்தை நாட்டுக்குள் இறக்கிப் பார்த்தால் 65க்கு 11.

இனி அந்தப் படிவம். மனிதரைத் தொட்டுச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளின்படி, உயிர்மருத்துவ ஆய்வைப் பார்க்கும் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். குறைந்தது 7 உறுப்பினர்கள். தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து. மருத்துவர், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலர், பொதுமக்களில் ஒருவர். விதியில் பழுதில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரி உள்ள இடத்தில் இது மாதாந்திரக் கூட்டம்; இல்லாத இடத்தில் ஒவ்வொரு உறுப்பினரையும் தேடிப் பிடித்து, கார் அனுப்பி அழைத்துவர வேண்டிய விழா. தனியார் நிறுவனமாக இருந்தால் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் (டிஎஸ்ஐஆர்) அங்கீகாரச் சான்றையும் நிதி வழங்கும் பல அமைப்புகள் கேட்கும். அது முடிந்தால் ‘முன்தரவு’ என்ற பகுதி வரும். இதுவரை என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அது கேட்கிறது. கண்டுபிடிக்கத்தான் காசு கேட்கிறோம் என்று அங்கே எழுத முடியாது.

நிதி கிடைத்துவிட்டாலும் கதை முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் 12-ஏ படிவத்தில் போக வேண்டும். கடந்த சில ஆண்டுகளாகப் பல மத்திய திட்டங்களில் பணம் பூஜ்ய இருப்புக் கணக்கு வழியே வருவதால், மார்ச் 31க்குள் செலவழிக்காதது திரும்பிப் போய்விடும். பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே ஓர் அலுவலகமும் நாலைந்து எழுத்தர்களும் உண்டு. சிறிய இடத்தில் ஆய்வாளரே எழுத்தர். கொட்டேஷன் வாங்குவதும் அவர், வவுச்சர் ஒட்டுவதும் அவர். 2025 ஜூனில் நிதியமைச்சகம், கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக ஆய்வுப் பொருள் வாங்கும் வரம்பை ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாக உயர்த்தியது. நல்ல மாற்றம்தான். ஒட்ட வேண்டிய வவுச்சர்கள் கொஞ்சம் குறையும்.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் இருந்தது. அவர்கள் படிவத்தையே மாற்றினார்கள். 1985 முதல் அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனங்கள் ஆர்15 என்ற தனி நிதியை வைத்திருக்கின்றன. அந்த நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் வாடிக்கையாகப் பெறும் கல்விக்கூடம் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. அமெரிக்க இதயச் சங்கமும் இதே வகையில், பெரிய அரசு நிதி பெறாத நிறுவனங்களுக்கென்று ஒரு நிதி வைத்திருக்கிறது. அங்கே மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்வியும் வேறு: இந்த ஆய்வு மாணவர்கள் கையில் எவ்வளவு நடக்கும்? பெரிய பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்க்கவே முடியாத இளங்கலை மாணவர், ஆர்15 விண்ணப்பத்தில் ஒரு தகுதியாகிறார். இங்கே மாணவர் ‘மனிதவளம்’ என்ற செலவுத் தலைப்பின்கீழ் வருகிறார். 2022இல் மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்கென்று வந்த ‘ஷ்யூர்’ திட்டம், 3 ஆண்டுக்கு ரூ.30 லட்சம் வரை தருவது, யார் போட்டியிடலாம் என்பதை மாற்றியது. எதை அளப்பது என்பதை அந்த அளவுக்கு மாற்றவில்லை.

சிறிய இடத்தின் பலம் என்ன என்பதற்குச் சந்தாபுராவுக்கு அருகிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. ஆனேக்கல் வட்டத்தில், பன்னேர்கட்டா பக்கம் சகலவாரா என்ற ஊர். 1970களின் நடுவில் நிம்ஹான்ஸ் அங்கே ஒரு கிராம மனநல மையத்தைத் தொடங்கியது. மனநல மருத்துவர் இல்லாத ஊரில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் சுகாதாரப் பணியாளரும் வலிப்பையும் மனநோயையும் கண்டுபிடித்து மருந்து தர முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்குத் தேவைப்பட்டவை பயிற்சிக் கையேடு, சைக்கிள், பொறுமை. அங்கே கற்றது 1980களில் பெல்லாரி மாவட்டத்துக்குப் போனது. 1996இல் தேசிய அளவில் மாவட்ட மனநலத் திட்டமானது. செய்தது பெரிய நிறுவனம்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அந்தக் கேள்வி பிறந்தது ஆஸ்பத்திரி வளாகத்தில் அல்ல, ஊரில்.

இன்றைக்கு அப்படிப்பட்ட கேள்வி எது? ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, முதுமறதி இருக்கும் என்று 2023இல் வெளியான தேசிய மதிப்பீடு சொன்னது. ஒருவருக்கு அது இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி கேட்டுத்தான். ஆங்கிலத்தில் பிறந்த பழைய சோதனையில், ஒரு தாளில் ‘கண்ணை மூடுங்கள்’ என்று எழுதிக் காட்டி, படித்துச் செய்யச் சொல்வார்கள். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டி இரண்டிலும் தோற்பார், மூளையில் பழுதில்லாமலே. 1995இல் ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் மேரி கங்குலி குழுவினர் இதை இந்தியில் மாற்றியமைத்தார்கள். ‘என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்’ என்று சொல்லிக் கண்ணை மூடினார்கள். கழித்தலுக்குப் பதில் வாரத்தின் நாட்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். பின்னாளில் ஐசிஎம்ஆர் உருவாக்கிய நரம்பறிவுச் சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. அந்த முதல் ஐந்தில் தமிழ் இல்லை.

சந்தாபுராவில் மகன் வீட்டில் இருக்கும் தருமபுரி மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பேரன் வாயில் ஆங்கிலம். ‘இது என்ன மாதம்?’ என்றால் அவர் ஆடி என்பார். கேட்பவர் தாளில் ஜூலை என்று எழுதியிருக்கும். ‘இது எந்த மாவட்டம்?’ என்றால் தருமபுரி என்பார். அது மறதியா, மனம் இன்னும் ஊரைவிட்டு வராததா? இரண்டு மொழிக்கும் இடையில் வாழும், எழுத்தறியாத முதியவருக்கு எந்தக் கேள்வி நியாயமானது என்பதைக் கண்டறிய எம்ஆர்ஐ வேண்டாம். மொழியியல் தெரிந்த ஓர் ஆசிரியர், தமிழும் கன்னடமும் பேசும் இருபது மாணவர்கள், இரண்டு ஆண்டு வீடுவீடாக நடை, இவை போதும். இது பெரிய ஆய்வுக்கூடத்தால் எளிதில் செய்ய முடியாத வேலை. ஆனாலும் இதே ஆசிரியர் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், அதில் மரபணு வரிசையாக்கமும் செயற்கை நுண்ணறிவும் எப்படியோ வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதய நலத்திலும் இப்படிப்பட்ட கேள்வி உண்டு. ஜெயதேவா இதயநோய் நிறுவனம் 2017 முதல் நடத்திய, 40 வயதுக்குட்பட்ட நோயாளிகளின் பதிவேட்டில் ஆட்டோ, கேப் ஓட்டுநர்கள் கணிசமாகத் தென்பட்டார்கள். 2025இல் ஹாசன் மாவட்ட மாரடைப்பு மரணங்களை ஆராய்ந்த மாநில வல்லுநர் குழு அசாதாரண ஏற்றம் இல்லை என்று சொல்லியும், இறந்தவர்களில் ஓட்டுநர்கள் பலர் இருந்ததைக் கவனித்தது. கூட்டுரோட்டில் நிற்கும் ஓட்டுநர் எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருக்கிறார், எப்போது தூங்குகிறார், எங்கே சாப்பிடுகிறார் என்று ஓராண்டு பின்தொடர அந்த ஸ்டாண்டை அறிந்தவர்கள் வேண்டும்.

நிதி வழங்குவோருக்கு இன்று பிடித்த சொல், தமிழில் சொன்னால், குடமும் ஆரக்காலும். வண்டிச் சக்கரத்தின் நடுக் குடத்தில் ஆரக்கால்கள் செருகியிருப்பதுபோல, பெரிய நிறுவனத்தோடு சிறியவற்றை இணைப்பது. 2024இல் அறிவிக்கப்பட்ட ‘பேர்’ திட்டத்தில் ஒரு குடத்துக்கு 7 ஆரக்கால்கள் வரை சேரலாம். ஒரு வலைக்கு ரூ.100 கோடி வரை கிடைக்கும். முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்பதால் ஆனேக்கல் சாலையின் தனியார் பல்கலைக்கழகங்கள் அதில் இல்லை. இந்த உருவகத்தைச் சிகிச்சையில் முன்னமே சோதித்துப் பார்த்தது தமிழ்நாடு. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முள்ளசாரி முதலானோர் நடத்திய மாரடைப்புத் திட்டத்தில் சிறு மருத்துவமனைகள் ஆரக்கால்கள். அங்கேயே இசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 2,420 நோயாளிகளைப் பார்த்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது; ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2ஆகக் குறைந்திருந்தது. அது பலித்ததற்கு ஒரு காரணம், முதல் முடிவு ஆரக்காலில் எடுக்கப்பட்டது. குடம் சொல்லும்வரை காத்திருந்தால் இதயத் தசை செத்திருக்கும். ஆய்வு வலைகளில் இது தலைகீழாகிறது: கேள்வியைக் குடம் வகுக்கிறது, மாதிரியை ஆரக்கால் திரட்டித் தருகிறது, கட்டுரையில் அதன் பெயர் பதினான்காவதாக வருகிறது.

எதிர்வாதம் எளிதல்ல. பொதுப்பணம் தகுதிக்குப் போக வேண்டும். பல லட்சம் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகம் தன் நெறிமுறைக் குழுவுக்கும் எழுத்தருக்கும் தானே செலவு செய்யட்டும் என்பார்கள். இரண்டாவது பகுதி மறுக்கவியலாதது. விளம்பரப் பலகைக்கு ஆகும் செலவில் ஒரு துண்டு போதும். ஆனால் ஓசூர் சாலையின் நாலைந்து நிறுவனங்கள் சேர்ந்து, பதிவு பெற்ற ஒரே நெறிமுறைக் குழுவையும் ஒரே கணக்கு மேசையையும் வைத்துக்கொள்ள ஒரு நிதித் தலைப்பு இருந்தால், தகுதி என்ற வாதம் அப்போதுதான் நேர்மையாகும். பரீட்சை எழுத எல்லோருக்கும் மேசை கிடைத்திருக்கும்.

நேரக் கணக்கு ஒன்று மீதமிருக்கிறது. சிறிய இடத்து ஆசிரியர் அருகிலுள்ள பெரிய நிறுவனத்தில் ஆய்வு செய்வதற்கென ‘டேர்’ என்ற திட்டம் உண்டு. ஆண்டுக்கு ரூ.5 லட்சம், பாதி அவருடைய நிறுவனத்துக்கு, பாதி பெரிய நிறுவனத்துக்கு. நிபந்தனை, ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் அங்கே போய் வேலை செய்ய வேண்டும். யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணிநேரம் வகுப்பெடுக்க வேண்டும். சந்தாபுராவிலிருந்து நிம்ஹான்ஸ் சுமார் 20 கிலோமீட்டர். மெட்ரோ வந்தபின் பயணம் சுளுவாகிவிட்டது. அந்த 90 நாளுக்கு அவருடைய வகுப்புகளை யார் எடுப்பது என்பதற்குத் திட்டத்தில் ஒரு வரி இல்லை.