காத்திருப்பின் விலை

சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் நட்டவர்க்கு நடவுச் செலவு தொடக்கமே. கன்று பால்வெட்டுக்கு வர 6, 7 ஆண்டுகள் ஆகும். அதுவரை களையெடுப்பும் உரமும் செலவே. பின்னர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பால் உண்டு. 7 ஆண்டு கழித்து வரும் 1,000 வெள்ளி, 8 விழுக்காட்டு வட்டியில் இன்றைய 583 வெள்ளிக்கே சமம். கணக்கியலார் இதனை 'இன்றைய மதிப்பு' என்பர்.

வருங்கால விலையோ வெறும் ஊகம். 1910-இல் இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைக் கடந்தது. அதை நம்பி அன்று நட்ட மரம் பால் தருமுன்னரே அவ்விலை மறைந்துவிட்டது. 1932-இல் 2 பென்சுக்கும் கீழே வீழ்ந்தது!

1950-களில் ஐரோப்பியர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். மறுநடவுக்குக் காத்திராமல் முதலை விரைந்து மீட்பதே அவர்தம் நோக்கம். அவ்வளவில் அக்கணக்கில் பிழையில்லை. ஆயின், லயத்து வீட்டையும் வேலையையும் பறிகொடுத்த தொழிலாளியின் இழப்பு அவர்தம் ஏட்டில் ஏறவேயில்லை.

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அந்த இழப்பையும் கணக்கில் கொண்டது. மாதம் 10 வெள்ளித் தவணையில் 100 வெள்ளிப் பங்கு சேர்த்த தொழிலாளர், தோட்டங்களுக்குப் பங்காளிகளாயினர். இலாப ஈவோடு வேலையும் கூரையும் அவர்க்கு வரவே. ஆதலின் அவர்களால் காத்திருக்க முடிந்தது.

செம்பனையோ 3-ஆம் ஆண்டே காய்ப்பது. சிலிம் ரிவரிலும் பால்மரக் காடுகள் செம்பனைக்கு இடம்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு ஆட்களும் குறைவாகவே வேண்டும். தோட்டக் குடும்பங்கள் பல நகரம் நோக்கிப் பெயர்ந்தன.