கங்காணி

கண் + காணி. ‘ண்க’ பேச்சில் ‘ங்க’ ஆகிவிட, கண்காணி கங்காணியானது. மேற்பார்ப்பவர் என்பது நேர்ப்பொருள். திருமூலர் இறைவனையே கண்காணி என்கிறார். தோட்டத்துக்கு வந்தபோது சொல் வெகுதூரம் இறங்கிவிட்டது.

மலாயாவில் கங்காணி வெறும் மேற்பார்வையாளர் அல்லர். பழைய கூலியாக இருந்தவரே உரிமச் சீட்டுடன் சொந்த ஊருக்குப் போய் உறவினரையும் ஊராரையும் கப்பலேற்றி வருவார். கடன் கொடுப்பார், சண்டை தீர்ப்பார், துரையிடம் பேசுவார். தன் ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களுக்குத் தலைக்காசும் வாங்குவார். ஆளுக்கு ஆதரவும் அவரே, ஆளின் வரவால் ஆதாயம் பெற்றவரும் அவரே. இந்த இரட்டைத்தன்மையை ‘மேலாளர்’ என்ற சொல்லில் தேடிப் பயனில்லை.

இலங்கைத் தோட்டங்களில் பொறுப்பு இன்னும் பிரிந்திருந்தது: பெரிய கங்காணி மேலே, தன் குடும்பக் கூட்டத்தை நடத்தும் சில்லறைக் கங்காணி கீழே.

மீண்டும் மலாயாவுக்கு வருவோம். அங்கே பிரிஞ்சாங்கை அடுத்த சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தை வைத்திருக்கும் போ நிறுவனம் 1929இல் ஜே.ஏ. ரசல் தொடங்கியது. அடுத்த ஒன்பதே ஆண்டுகளில், 1938இல், தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணியின் ஆள்கட்டும் வேலை அத்தோடு முடிந்தது. மேற்பார்வை மட்டும் மிஞ்சியது. அதையும் பெரும்பாலும் ‘மண்டோர்’ என்ற சொல் எடுத்துக்கொண்டது. போர்த்துகீசியத்திலிருந்து மலாய் வழியாக வந்த சொல் அது. ஏவுபவர் என்று பொருள். பார்ப்பவர் போய் ஏவுபவர் வந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கொழுந்து பறித்தவர்களுக்கு அதில் பெரிய வேறுபாடு தெரிந்திருக்காது.

இன்றைய மேடைத் தமிழில் ஒருவரைக் கங்காணி என்றால் அது வசை.