கோபுரம் கட்டியவர் கேட்ட கேள்வி

ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில் இறங்கிய ஹாஜிமார்களிடம் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேலே வரிசை வரிசையாக விரிந்து நிற்கும் வெள்ளைக் கூடாரங்களைப் பற்றிச் சொல்வார்கள். அதை வடிவமைத்த குழுவின் பொறியியலாளர்தான், ஒரு காலத்தில் உலகிலேயே உயரமாக இருந்த கட்டடத்தையும் வடிவமைத்தவர். பெயர் பஸ்லுர் ரஹ்மான் கான்.

1929 இல் இன்றைய பங்களாதேஷில் பிறந்தவர். டாக்காவில் பொறியியல் படித்து, 1952 இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்றே வருடங்களில் இரண்டு முதுமாணிப் பட்டங்கள், ஒரு கலாநிதிப் பட்டம். பிறகு சிக்காகோவில் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை.

அன்று இருந்த சிக்கல் இதுதான்: கட்டடம் உயர உயரக் காற்றின் தள்ளுவிசை கூடும். அதைத் தாங்க உள்ளே தூண்களையும் உருக்கையும் அடுக்கிக்கொண்டே போவார்கள். செலவு எகிறும். கான் வேறு விதமாக யோசித்தார். மூங்கிலைப் பாருங்கள், உள்ளே வெறுமை, பலமெல்லாம் வெளிச்சுவரில். கட்டடத்தையும் அப்படி ஒரு குழாயாக்கினார்.

1931 இல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 206 கிலோ உருக்கு. கான் வடிவமைத்து 1969 இல் முடிந்த, 100 மாடிகள் கொண்ட ஜோன் ஹான்கொக் கட்டடத்தில் சுமார் 145 கிலோ மட்டுமே. இத்தகைய கணக்குகளுக்குக் கணினியை முதலில் பயன்படுத்திய பொறியியலாளர்களில் அவரும் ஒருவர். 1970களில் எழுந்த சியர்ஸ் கோபுரம் ஒன்பது குழாய்களை ஒன்றாகக் கட்டிய கட்டு. உயரம் 442 மீற்றர்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறொரு சம்பவம். ஹான்கொக் கட்டடத்தின் மேல் மாடிகளில் குடும்பங்கள் வசிக்கப்போகின்றன. காற்றில் கட்டடம் எவ்வளவு அசையும் என்று கணக்குச் சொல்லும். எவ்வளவு அசைந்தால் மனிதனுக்குத் தலை சுற்றும்? அதற்கு அன்று சரியான தரவு இல்லை. கான் சிக்காகோவின் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்த, மெல்ல நகரும் காட்சி மேடையில் ஆட்களை நிற்கவும் இருக்கவும் படுக்கவும் வைத்து, அசைவு எப்போது தெரிகிறது என்று கேட்டார். அந்தப் பதில்களையும் தரவாகவே எடுத்துக்கொண்டார்.

ஜித்தாவிலும் அதே பார்வைதான். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் இலட்சக்கணக்கானோர் வந்து, பல மணி நேரம் காத்திருக்கும் இடம். அங்கே தேவைப்பட்டது நிழலும் காற்றோட்டமும். பக்கங்கள் திறந்த கூடாரமே அதற்குப் பொருத்தம் என்று கானும் கட்டடக்கலைஞர் கோர்டன் பன்ஷாப்டும் கண்டார்கள். முனையம் 1981 இல் திறக்கப்பட்டது. மறுவருடம் மார்ச்சில், 52 வயதில், அதே ஜித்தாவில் கான் வபாத்தானார்.

"உலகின் உயர்ந்த கட்டடத்தைக் கட்டியவர் ஒரு முஸ்லிம்" என்று பெருமையாக ஷெயார் பண்ணுவது சுலபம். அதில் தவறில்லை. ஆனால் அவரிடமிருந்து எடுக்க வேண்டியது அந்த அருங்காட்சியகக் கேள்வி. நம் ஊர்களிலும் பாடசாலைக் கட்டடங்கள் மாடி மேல் மாடியாக எழும்புகின்றன. பகல் 12 மணிக்கு வெயில் எந்த யன்னலால் வரும், மழைக்கு எந்த வகுப்பு நனையும் என்று அதில் இருக்கப்போகும் பிள்ளையிடம் யாராவது கேட்கிறோமா?

உங்கள் பாடசாலையில் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.