1954: முத்திரை விழுந்த ஆண்டு

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமைக் காலை. நியூ ஜேர்சியில் நாங்கள் வசிக்கும் தெருவின் கடைசி வீட்டு வாசலில் ஒரு வயோதிபர் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். மேசைவிளக்குகளுக்கும் பீங்கான்களுக்கும் நடுவே ஒரு பெட்டி நிறையக் கொமிக்ஸ் புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அட்டையின் மேல் மூலையில் தபால் முத்திரை அளவில் ஒரு சின்னம். கொமிக்ஸ் கோட் அதிகாரசபையின் அங்கீகாரம் பெற்றது என்று அதில் எழுதியிருந்தது. கிழவரிடம் விசாரித்தேன். 'இது இல்லாத புத்தகம் எங்கள் வீட்டுப் படி ஏறாது. அம்மா விடமாட்டா' என்று சிரித்தார்.

எனக்குத் தெரிந்த கொமிக்ஸ் உலகம் வேறு. எழுபதுகளின் யாழ்ப்பாணம். இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. சிவகாசியில் அச்சான முத்து கொமிக்ஸ் எப்படியோ ஒன்றிரண்டு எங்கள் ஊர்வரை வந்துசேரும். இரும்புக்கை மாயாவி அட்டை போய், நடுப்பக்கம் போய், பத்துப் பதினைந்து வீடு சுற்றி என் கைக்கு வருவார். 'படிக்கிற பிள்ளை உதுகளைப் பாக்கிறதே?' என்று அப்பு உறுமுவார்.

அப்பு கேட்ட அதே கேள்வியை 1954இல் அமெரிக்க செனற் சபையின் ஒரு குழு கேட்டது. வந்த பதில் ஒரு தொழிலையே பாதியாக்கிற்று. அது எப்படி நடந்தது என்பதை அறிய அந்தப் பெட்டி என்னைத் தூண்டியது.

அன்றைய அமெரிக்காவில் கொமிக்ஸ் புத்தகம் பத்துச் சதம். மாதந்தோறும் கோடிக்கணக்கான பிரதிகள் விற்றன. எழுதியவர்களிலும் வரைந்தவர்களிலும் பலர் குடியேறிகளின் பிள்ளைகள். மதிப்பான சஞ்சிகைகளின் கதவு திறக்காதபோது இந்தப் பத்துச் சதத் தொழில் அவர்களுக்குச் சோறு போட்டது. போருக்குப் பின் குற்றக் கதைகளும் பேய்க் கதைகளும் பெருகின. அவற்றில் பல வெறும் இரத்தக்களரி என்பதை மறுப்பதற்கில்லை. 1948 அளவிலேயே சில ஊர்களில் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டே கொமிக்ஸ் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். 1981இல் எரிந்த நூலகத்தின் ஊரைச் சேர்ந்தவன் நான். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்க்கையில் மனம் ஒரு கணம் நின்றுபோகிறது.

எதிர்ப்புக்கு ஒரு குரல் கொடுத்தவர் பிரெட்றிக் வேர்த்தம். ஜேர்மனியில் பிறந்து 1922இல் அமெரிக்கா வந்த உளமருத்துவர். அவரைக் கொடியவர் என்று ஒதுக்குவது சுலபம். உண்மை அப்படி இல்லை. நியூயோர்க் ஹார்லெமில் கறுப்பின ஏழைகளுக்காக 1946இல் ஒரு மனநலச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியவர் அவர். பாடசாலைகளில் நிறவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது அவர்களது மனதைக் கெடுக்கிறது என்று டெலவேர் வழக்கொன்றில் சாட்சியம் அளித்தவர். 1954 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவினை செல்லாது என்று தீர்த்த வழக்குகளுள் அதுவும் ஒன்று. அதே ஆண்டில்தான் கொமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றது என்று வாதிடும் அவரது நூலும் வெளிவந்தது. 2012இல் கரோல் ரில்லி என்ற ஆய்வாளர் வேர்த்தமின் கோப்புகளை ஆராய்ந்து, பிள்ளைகளின் வாக்குமூலங்களை அவர் பல இடங்களில் மாற்றியும் திரித்தும் எழுதியிருந்ததை வெளிக்கொணர்ந்தார். நல்ல நோக்கம் உண்மையை வளைக்க உரிமை தருவதில்லை. ஆயினும் 1954இல் அவரது சொல்லைச் சந்தேகித்தோர் மிகச் சிலரே.

இளஞர் குற்றங்களை ஆராய்ந்த செனற் உபகுழுவின் தலைவர் எங்கள் நியூ ஜேர்சியின் செனற்றர் றொபேட் ஹென்ட்றிக்சன். ஏப்ரல் 21, 22, யூன் 4 ஆகிய மூன்று நாட்கள் நியூயோர்க் நீதிமன்றக் கட்டிடத்தில் விசாரணை நடந்தது. முதல்நாள் பிற்பகல், தாமாக முன்வந்து சாட்சி சொல்ல வந்தார் வில்லியம் கெய்ன்ஸ். தந்தை விட்டுச்சென்ற ஈ.சி. என்ற பதிப்பகத்தின் உரிமையாளர். பேய்க் கதைகளுக்குப் பேர்போனவர். தாம் வெளியிடுவனவற்றின் எல்லை நல்ல ரசனை மட்டுமே என்றார். உடனே ரெனசி மாநிலச் செனற்றர் கெஃபோவர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒருவன் கையில் இரத்தம் தோய்ந்த கோடரி. மறுகையில் வெட்டிய பெண்தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். பேய்க் கதை அட்டை என்ற அளவில் ஆம் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் உயர்த்தி, கழுத்திலிருந்து இரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் ரசனைக் கேடு என்றும் விளக்கினார். மறுநாள் அது நாடெங்கும் செய்தியாயிற்று.

இனி நடந்ததுதான் முக்கியமானது. சில மாநிலங்களும் நகரங்களும் தமது அளவில் சட்டம் செய்தன. ஆனால் வோஷிங்ரனில் எந்தத் தடைச்சட்டமும் வரவில்லை. 1955இல் வந்த உபகுழு அறிக்கையும் அரசாங்கத் தணிக்கையைக் கோரவில்லை. தொழில் தன்னைத்தானே திருத்தட்டும் என்றது. அறிக்கை வருவதற்கு முன்பே தொழில் பயந்துவிட்டது. பதிப்பாளர்கள் கூடிச் சங்கம் அமைத்து 1954 ஒக்ரோபர் 26இல் ஒரு விதிக்கோவையை ஏற்றனர். நியூயோர்க் நீதவானாக இருந்த சாள்ஸ் மேர்பியை அதன் காவலராக அமர்த்தினர்.

விதிகளைப் படித்துப் பார்க்கவேண்டும். நூற்தலைப்பில் பயங்கரம், திகில் என்ற சொற்கள் கூடாது. நடமாடும் பிணங்கள், இரத்தம் குடிக்கும் பேய்கள் கூடாது. எப்போதும் நன்மையே வெல்லவேண்டும். பொலிஸார், நீதிபதிகள், அரச அதிகாரிகள், மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியோர்மீது அவமரியாதை தோன்றும்படி எதுவும் சித்திரிக்கக் கூடாது. பேயை ஓட்டத் தொடங்கிய விதி பொலிஸ்காரனைக் காக்கும் விதியாக முடிந்ததைக் கவனியுங்கள். பொலிஸ் எப்போதும் நல்லவனாக இருக்கும் கதையை நம்ப எங்கள் தலைமுறையால் முடியுமா?

இவ்விதிகளை மீறினால் சிறை இல்லை, அபராதமும் இல்லை. ஆனால் முத்திரை கிடைக்காது. முத்திரை இல்லாத கட்டை மொத்த வியாபாரி அவிழ்க்கமாட்டான். கயிறு கட்டியபடியே திருப்பி அனுப்புவான். கடைக்குப் போகாத புத்தகம் அச்சாகாத புத்தகத்துக்குச் சமம். இதுதான் அந்த ஆண்டின் சூட்சுமம்: எழுதுகிறவனைத் தொடவேண்டியதில்லை, வழியை அடைத்தால் போதும். டெல் போன்ற பெரிய பதிப்பகம் தன் நற்பெயரை நம்பி முத்திரை இல்லாமலே விற்றது. சிறியவர்களால் முடியவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் சுமார் 650ஆக இருந்த தலைப்புகள் 1956அளவில் 250ஆகச் சுருங்கின. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். பலர் பிறகு ஒருபோதும் கொமிக்ஸ் வரையவில்லை.

இரத்தம் மட்டுமா போயிற்று? கெய்ன்ஸின் கடைசிக் கொமிக்ஸ் இதழில் ஒரு கதை வந்தது. அல் ஃபெல்ட்ஸ்ரீன் எழுதி, ஜோ ஒர்லாண்டோ வரைந்து, 1953இலேயே ஒருமுறை வெளியானது. இயந்திர மனிதர் வாழும் ஒரு கிரகம். செம்மஞ்சள் நிறத்தார் ஆளுகின்றனர். நீலநிறத்தார் பஸ்ஸின் பின்பக்கம் போகவேண்டும். உள்ளே இருவருக்கும் ஒரே யந்திரம். பூமியிலிருந்து பரிசோதிக்க வந்தவன், நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டுக் கப்பலேறுகிறான். கடைசிச் சதுரத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான்: அவன் ஒரு கறுப்பன். மீள்பிரசுரத்துக்கு அனுப்பியபோது அவனைக் கறுப்பனாக விடமுடியாது என்றார் மேர்பி. கறுப்பன் இல்லாவிட்டால் கதையே இல்லையே என்று கெய்ன்ஸ் சண்டையிட்டு, திருத்தாமலே 1956இல் அச்சிட்டார். அத்தோடு கொமிக்ஸ் தொழிலைக் கைவிட்டார். மிஞ்சியது மாட் என்ற நையாண்டி இதழ் மட்டுமே. அதை 1955இலேயே பெரிய அளவுச் சஞ்சிகையாக மாற்றியிருந்தார். சஞ்சிகைக்கு முத்திரை தேவையில்லை. ஒரு சந்து அடைபடவில்லை.

அந்தச் சந்தால் வெளிச்சம் பார்த்த பிள்ளைகளுள் சிலர் ரெக்சாஸில் இருந்தார்கள். ஜாக் ஜாக்சன் 1964இல் ஒஸ்ரின் நகரில் தன் முதல் கொமிக்ஸைச் சொந்தமாக அச்சிட்டார். நண்பர் கில்பேட் ஷெல்ரனும் மாட் இதழின் பிள்ளைதான். அவர்கள் மேற்கே சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார்கள். அங்கே 1968இல் றொபேட் கிரம், ஸாப் என்ற தன் இதழைக் குழந்தை வண்டிலில் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டுபோய் விற்றிருந்தார். 1969இல் ஜாக்சன், ஷெல்ரன் உட்பட நான்கு ரெக்சாஸ்காரர் சேர்ந்து அங்கேயே றிப் ஒஃப் பிரஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினர். மொத்த வியாபாரியிடம் அவர்கள் போகவே இல்லை. ஹிப்பிகள் கூடும் கடைகளில் இதழ்களை வைத்தனர். பதிப்புரிமை எழுதியவரிடமே இருந்தது. பெரிய பதிப்பகங்களில் அன்று கனவிலும் இல்லாத விடயம்.

அந்தச் சுதந்திரத்துக்கும் அழுக்கு உண்டு. பெண்களை இழிவுபடுத்திய பக்கங்கள் ஏராளம். ஆனால் பதில் தணிக்கையாக வரவில்லை. 1970இல் ற்றினா றொபின்ஸும் தோழியரும் முழுக்கப் பெண்களே எழுதி வரைந்த இதழை அதே வட்டாரத்தில் கொண்டுவந்தார்கள். தவறான கதைக்கு மாற்று இன்னொரு கதை.

ஜாக்சன் பிறகு ரெக்சாஸ் திரும்பி அதன் வரலாற்றை வரைந்தார். 1982இல் வந்த அவரது நூலின் நாயகன் ஹுவான் செகின். ரெக்சாஸில் பிறந்த ஸ்பானிய மொழிக்காரர். 1836இல் ரெக்சாஸின் விடுதலைக்காகப் போரிட்டவர். அலமோவில் மாண்டோரின் சாம்பலை அடக்கம் செய்தவர். ஆறு வருடங்களில் புதிதாக வந்தவர்கள் அவரைத் துரோகி என்றார்கள். 1842இல் குடும்பத்தோடு மெக்சிக்கோவுக்குத் தப்பியோடினார். அங்கோ, சிறைக்குப் போ அல்லது ரெக்சாஸுக்கு எதிராகப் போரிடு என்றார்கள். சொந்த மண்ணுக்கே அந்நியனான அம்மனிதனைப் படித்தபோது, எங்களில் எத்தனை பேரின் முகம் அதில் தெரிந்தது என்று சொல்லத் தேவையில்லை. நீதிபதியையும் நிறுவனத்தையும் எப்போதும் மதிக்கச் சொன்ன 1954இன் விதிகளுக்குள் இந்தக் கதையை வரைந்திருக்க முடியாது.

முத்திரை ஒரே நாளில் சாகவில்லை. 1971இல் மார்வெல், போதைப்பொருள் பற்றிய ஸ்பைடர்மான் கதையை முத்திரையின்றி வெளியிட்டது. 2001இல் அது முற்றாக விலகிற்று. 2011இல் டீசியும் ஆர்ச்சியும் விலகியதோடு முத்திரை மறைந்தது. பயத்தில் செய்த விதியைக் கழற்ற 57 ஆண்டுகள் எடுத்தன.

புலம்பெயர்ந்த நாங்களும் இதழ் நடத்தியவர்கள்தான். பாரிசிலும் ரொறொன்ரோவிலும் இரவு வேலை முடிந்து வந்து தட்டச்சு செய்து, பிரதியெடுத்து, முத்திரை ஒட்டி அனுப்பினோம். எந்த அரசும் எங்கள் பக்கங்களைத் திருத்தவில்லை. ஆனால் 'இதைப் போட்டால் கடைக்காரர் இதழை எடுக்கமாட்டார்' என்று ஒரு கட்டுரையை மெதுவாக மேசைக்கு அடியில் வைத்த இரவுகள் எங்களுக்கும் உண்டு. கடைக்காரரும் கெட்டவரல்ல. யாரோ வந்து கேட்பார்கள் என்ற பயம். அந்த யாரோ பலசமயம் வருவதே இல்லை.

அன்று கிழவரிடமிருந்து நான்கு புத்தகங்கள் வாங்கினேன். நான்கிலும் முத்திரை இருந்தது. இல்லாதவை ஏதும் உண்டா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். 'அவற்றை நாங்கள் நிலவறையில் ஒளித்து வைத்திருந்தோம். அவைதான் நல்ல கதைகள்' என்றார்.