பெட்டகமும் அலுமாரியும்

ஒரு சமுதாயம் எவற்றை அருமையான பொருள்களாகக் கருதிற்று என்பதை அறிய விரும்புவோர், அச்சமுதாயத்தினர் எப்பொருளை எவ்விடத்தில் வைத்துக் காத்தனர் என்பதை நோக்குதல் வேண்டும். அரசர்தம் வெற்றிகளைக் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் கூறும். குடிமக்கள் எதனை உண்டனர், எதனை உடுத்தனர், எதனை இழக்க அஞ்சினர் என்பனவற்றை அறிய, அவர்தம் இல்லங்களிலிருந்த பெட்டியையும் பேழையையும் உறியையும் பரணையுமே நாடவேண்டும். இவ்வகையில் யாழ்ப்பாணத்து வீடு பல செய்திகளைத் தருகின்றது. பனையோலைப் பெட்டியிலிருந்து பெட்டகத்திற்கும், பெட்டகத்திலிருந்து அலுமாரிக்கும் அவ்வீடு மாறிய கதை, நானூறு ஆண்டு கால வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது.

பழைய யாழ்ப்பாணத்து வீடு ஒரே கூரையின்கீழ் அமைந்த ஒன்றன்று. வேலியால் அடைத்த வளவினுள் அறைவீடு ஒருபுறமும் அடுக்களை ஒருபுறமும் தலைவாசல் ஒருபுறமுமாக நின்றன. வசதி படைத்தோர் முற்றத்தை நடுவே விட்டு நாற்சார் வீடு கட்டினர். ஒவ்வோரிடத்திற்கும் ஒவ்வொரு தொழில் இருந்தது. அத்தொழிலுக்கேற்ப அங்கே வைக்கும் கலமும் அமைந்தது. நெல்லுக்குப் பகை ஈரமும் எலியும். ஆகவே தடிகளால் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, நிலத்தினின்று உயர்த்தி அமைத்த கொம்பறை நெல்லைக் காத்தது. ஒடியலுக்கும் பனாட்டுக்கும் உலர்ந்த இடம் வேண்டும். அவை பனையோலைப் பெட்டிகளிலே கிடந்தன. கடகம், குட்டான், உமல், மூடற்பெட்டி, கொட்டைப்பெட்டி என ஓலையால் இழைத்த கலங்கள் பலவாகும். வெற்றிலை பாக்கையும் சில்லறைக் காசையும் மடியிற் செருகிச் செல்லும் கொட்டைப்பெட்டி முதல், மூட்டைக் கணக்கான பண்டத்தைச் சுமக்கும் கடகம் வரை ஒரே பனையே அளித்தது. இவை பெரும்பாலும் பெண்களின் கைவேலை. பழுதானால் எறிந்துவிட்டுப் புதிதாக இழைப்பர்.

அடுக்களையின் அமைப்பு இன்னும் நுட்பமானது. தயிருக்கும் நெய்க்கும் பகைவர் எறும்பும் பூனையும். எனவே கூரை வளையிலிருந்து தொங்கிய உறியில் அவை ஏறின. புளியும் உப்பும் உலோகத்தை அரிப்பன. அவை மண்சாடிகளில் அடங்கின. அடுப்பிற்கு மேலே கட்டிய பரணில் அடுத்த பருவத்திற்குரிய விதைகள் புகைபட்டு வண்டு தீண்டாமல் இருந்தன. அதே புகையில் சில வீடுகளில் ஏட்டுச் சுவடிகளும் தொங்கின. சமையற் புகையிலே நூலைத் தொங்கவிடுவதா என்று இக்காலத்தார் வியக்கலாம். ஆனால் செல்லும் பூச்சியும் ஓலையை அரிக்கும் வெப்ப நாட்டில், புகையே மலிவான மருந்தாயிருந்தது. மருத்துவ ஏடும் சோதிட ஏடும் தலைமுறை தாண்டி நிலைத்தமைக்கு, அடுக்களையில் வேலை செய்த பெண்களும் ஒரு காரணராவர்.

இவ்வாறன்றித் திருடனுக்கு அஞ்சிக் காக்கவேண்டிய பொருளும் உண்டு. அதற்கென அமைந்த இடமே அறைவீடு. காற்றும் ஒளியும் மிகுதியாகப் புகாத அவ்வறையில் பெட்டகம் இருந்தது. பலா, முதிரை, வேம்பு முதலிய மரங்களின் தடித்த பலகையாற் செய்த பெரும் பேழை அது. மூடியை மேல்நோக்கித் திறக்கவேண்டும். உள்ளே சிறு அறைகளும் உண்டு. பல பெட்டகங்களுக்கு அடியிற் சில்லுகள் பொருத்தப்பட்டிருந்தன. நிறைந்த பெட்டகத்தை ஓரிருவர் தூக்குதல் இயலாமையே காரணம். இரவில் அதன்மேற் பாய் விரித்து உறங்குவோரும் இருந்தனர். பொருளைக் காப்பதற்கு அதன்மேற் கிடப்பதினும் மேலான காவல் வேறில்லையன்றோ! சிங்கள மக்களும் இதனைப் பெட்டகம என்றே வழங்குகின்றனர்.

பெட்டகத்தினுள் கூறைச் சேலையும் நகையும் பித்தளைப் பாத்திரமும் இருந்தன. இவற்றோடு சீதன ஓலையும் இருந்தது. ஒரு பெண் மணம் புரியும்போது அவள் பெற்றோர் கொடுத்த காணியும் நகையும் இன்னவென எழுதிய சான்று அது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பற்றிய விதிகள் முதன்மையான இடம் பெறுகின்றன. அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் படித்து, நாட்டு வழக்கத்திற்கு ஒத்ததென உறுதிப்படுத்தினர். சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் ஏனைய சொத்தில் உரிமை கோருதல் வழக்கமன்று. ஆதலின் அவள் வாழ்நாள் முழுவதற்குமான பங்கு அவ்வோலையிலேயே அடங்கியது. அவ்வோலை செல்லரித்தால் அழிவது வெறும் எழுத்தன்று. ஒரு பெண்ணின் உரிமைக்குரிய சான்றே அழிந்துபோகும். பெட்டகத்தின் திறப்பு அவள் இடுப்பிலே தொங்கியதன் பொருள் இதுவே.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் வீட்டுப் பொருள்களோடு அவற்றின் பெயர்களையும் இங்கே விட்டுச் சென்றனர். மேசை, கதிரை, வாங்கு, யன்னல், விறாந்தை, அலுமாரி ஆகிய சொற்கள் அவர் மொழியினின்று தமிழில் இறங்கியவை. இவற்றுள் அலுமாரி என்னுஞ் சொல்லின் பயணம் நீண்டது. இலத்தீன் மொழியில் கருவிகளும் ஆயுதங்களும் வைக்கும் இடத்தை ஆர்மாரியும் என்றனர். உரோமர் பின்னர் நூற்சுருள்கள் வைக்கும் மாடத்தையும் அப்பெயரால் வழங்கினர். அச்சொல்லே போர்த்துக்கேய மொழி வழியாக வந்து, கடலோர ஊர்களிலே அலுமாரியாயிற்று. படைக்கலம் வைக்கப் பிறந்த பெயர் பட்டுச்சேலை வைக்கும் பொருளுக்கு உரியதாயிற்று.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் மரத் தளபாடங்களிற் பெருவிருப்பு உடையவர். அக்காலத்து ஒல்லாந்துச் செல்வர் இல்லங்களில் இரட்டைக் கதவுள்ள மாபெரும் அலுமாரி ஒன்று, வருவோர் காணும் இடத்திலே நிறுத்தப்பட்டிருக்கும். சலவை செய்து மடித்த வெண்துணிகள் அதனுள் நிறைந்திருக்கும். சீனத்துப் பீங்கான் சாடிகள் அதன்மேல் வரிசையாய் நிற்கும். அவர்கள் இலங்கைக்கு வந்தபின், இந்நாட்டுக் கருங்காலியும் முதிரையும் உள்ளூர்த் தச்சர் கைவண்ணமும் அவ்வமைப்போடு சேர்ந்தன. இழுப்பறையை ஈழத்துத் தமிழர் லாச்சி என்று கூறுவதும் ஒல்லாந்த மொழியின் கொடையே. கொழும்பு, புறக்கோட்டையில் ஒல்லாந்த தேசாதிபதி தோமஸ் வான் றீ வாழ்ந்த மாளிகை, 1982ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அக்காலத்துத் தளபாடங்களை அங்கே காணலாம்.

பெட்டகத்திற்கும் அலுமாரிக்கும் உள்ள வேறுபாடு உருவத்தில் மட்டும் உள்ளதன்று. பெட்டகத்தில் அடியிலுள்ளதை எடுக்க மேலுள்ள யாவற்றையும் அகற்றவேண்டும். ஆண்டிற்கு ஒருமுறை எடுக்கும் பொருளுக்கு அது தக்கது. அலுமாரியோ தட்டுத்தட்டாகப் பிரிந்து நிற்பது. கதவைத் திறந்தவுடன் எல்லாம் தெரியும். நாள்தோறும் எடுத்து வைக்கும் பொருளுக்கு அது ஏற்றது. உடைகள் சிலவாகவும் கொடியிலே கிடப்பனவாகவும் இருந்த காலத்தில் அலுமாரிக்குத் தேவையில்லை. தைத்த சட்டைகளும் பாடசாலை உடைகளும் கந்தோருக்கு அணியும் உடைகளும் பெருகியபோது அத்தேவை பிறந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் கடதாசி வீட்டினுள் புகுந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றங்களை நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் முடிக்கவேண்டுமென விதித்தது. ஓலைச் சான்று ஒழிந்து உறுதி என்னும் கடதாசிச் சான்று நிலைபெற்றது. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே செமினரி தோன்றிற்று. 1841இல் உதயதாரகை பத்திரிகை வெளிவரலாயிற்று. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சிட்ட நூல்கள் இல்லங்களிற் சேர்ந்தன. கடதாசி நூலை ஏட்டைப்போல் அடுப்புப் புகையில் தொங்கவிடல் ஆகாது. கரி படியும், தாள் நொறுங்கும். பெட்டகத்தில் அடைத்தாலோ இராமபாணப் பூச்சி துளைக்கும். காற்றோட்டமும் அடிக்கடி கையாடலுமே அதற்குக் காவல். ஆகவே புத்தக அலுமாரி அறைவீட்டை விட்டு விறாந்தைக்கும் மண்டபத்திற்கும் வந்தது. கல்வியுடைய இல்லம் என்பதை வருவோர்க்கு அது உணர்த்தவும் செய்தது. பீங்கான் கோப்பைகளை ஏந்திய கண்ணாடி அலுமாரியும் அதன் அருகே நின்றது. மொறட்டுவைத் தச்சரின் கைவேலை நாடெங்கும் புகழ்பெற்றதும் இக்காலத்திலேதான்.

முன்பு மறைத்து வைத்தல் ஒன்றே நோக்கமாக இருந்தது. இப்போது காட்டி வைத்தலும் நோக்கமாயிற்று. ஆயினும் மறைத்து வைக்கவேண்டியவற்றின் சிக்கல் தீரவில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவியின் தனிச்சொத்தை அவளுக்கே உரியதாக்கிற்று. அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம், விற்கலாம். காணி போன்ற அசையாப் பொருளைக் கைமாற்றவோ கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். இதனால் பெட்டகத்திலிருந்த நகை அவள் முழு ஆட்சிக்கு உட்பட்டதாயும், அந்நகைக்கு அருகே கிடந்த காணி உறுதி அவ்வாறு ஆகாததாயும் அமைந்தன. ஒரே திறப்பாற் பூட்டிய இரு பொருள்களுக்குச் சட்டம் இரு வேறு நிலைகளை வகுத்தது. பெண்கள் பொன்னில் நம்பிக்கை வைத்தமைக்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணமன்று என்பது இதனால் விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இரும்பு அலுமாரி வந்தது. பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனத்தார் 1923ஆம் ஆண்டில் அதனைச் செய்யத் தொடங்கினர். கறையானுக்கும் எலிக்கும் அஞ்சாத அது, பெட்டகத்தின் காவலையும் மர அலுமாரியின் ஒழுங்கையும் ஒருங்கே தந்தது. ஆயினும் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று அதனைத் துருப்பிடிக்கச் செய்யும். 1977ஆம் ஆண்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலுமாரிகள் பெருகின. இலேசும் மலிவும் அவற்றின் நலங்கள். நீர் பட்டால் ஊதிப் பிளத்தல் அவற்றின் குறை. குசினிக்கும் குளியலறைச் சுவரோரத்திற்கும் அவை ஏற்றவையல்ல.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தம் ஊர்களை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெருந்திரளாக வெளியேறினர். அவ்வேளையிலே, திருடனால் தூக்க முடியாதபடி செய்த பெட்டகம் உரியவராலும் தூக்க முடியாததாயிற்று. கையில் எடுத்தவை ஒரு பையில் அடங்கியவையே. உறுதியும் பிறப்புச் சான்றும் நகையும் ஓரிடத்திற் சேர்த்து வைத்திருந்தோர் எடுத்துச் சென்றனர். லாச்சிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருந்தோர் பலர் எதையோ மறந்து சென்றனர். போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டுகளின் பின் மீண்டு வந்தோருட் பலர், காணி தமதென நாட்ட உறுதியின்றி அலைந்த துன்பம் நாடறிந்தது. பழைய பெட்டகங்கள் சில இன்று பழம்பொருள் விற்போர் கடைகளில் அலங்காரமாய் நிற்கின்றன.

இவ்வரலாறு, இன்று வீட்டிற்கு அலுமாரி தெரிவோர்க்கும் பயன்படுவதே. வடிவையும் விலையையும் நோக்குமுன் வைக்கும் பொருளை நோக்குதல் வேண்டும். உணவுக்குப் பகை எறும்பும் ஈரமும். அதற்குக் காற்றுப் புகும் வலையடித்த கதவும் நிலத்தினின்று உயர்ந்த கால்களும் தேவை. நூலுக்குப் பகை அடைப்பு. அதற்குத் திறந்த இடமும், ஈரச் சுவரினின்று நான்கு விரல் விலகிய முதுகும் தேவை. உடைக்கு நாள்தோறும் திறக்கும் தட்டுக்கள் தேவை. விழாக்காலச் சேலைக்கு ஆழ்ந்த பேழையே போதும். சான்றுகளுக்கோ பூட்டு மட்டும் போதாது. ஒருவர் கையால் ஒரு நொடியில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பெட்டி தேவை. அதன் திறப்பு இருக்குமிடம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருத்தல் அதனினும் தேவை. உறியையும் பரணையும் பெட்டகத்தையும் அமைத்த முன்னோர், இன்ன பொருளுக்கு இன்ன பகை என எண்ணியே அவற்றிற்கு இடம் வகுத்தனர். மரம் போய் இரும்பும், இரும்பு போய்த் தூட்பலகையும் வந்தபோதிலும் அவ்வெண்ணம் பழமையானதாகிவிடவில்லை.