வேடிக்கையான ஒரு சொல்

அந்தமானில் ஹேவ்லாக் என வழங்கி, 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்ற தீவுக்குச் செல்லும் படகொன்றைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒருமுறை மொழிபெயர்ப்புக்காக நம் கைக்கு வந்தது. படகின் பொறியிலிருந்து 'ஃபன்னி'யான ஓசை எழுந்தால் உடனே அதை நிறுத்திவிட வேண்டும் என்பது தொழிலாளருக்கு அது கூறிய அறிவுரை. விரைந்தெழுதிய முதற்படியில் 'நகைப்புக்குரிய ஓசை' என்று எழுதிவிட்டோம். மறுமுறை படித்தபோது நமக்கே நகைப்பு வந்தது; அடுத்த கணமே அச்சமும் வந்தது. அதனை நம்பிய ஒருவர் ஓசையைக் கேட்டுச் சிரித்துவிட்டு வாளா இருந்திருப்பின், படகில் இருந்தோரின் கதி என்ன? 'வழக்கத்திற்கு மாறான ஓசை' என்று திருத்திய பின்னரே மனம் அமைதி பெற்றது.

சிரிப்பும் ஐயமும் ஒரே சொல்லில் குடியேறியது எங்ஙனம்? அச்சொல்லின் வரலாறே இதற்கு விடை கூறுகிறது. இதற்கு அடியாகிய 'ஃபன்' என்பது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒருவரை ஏய்த்தலையே குறித்தது. அடுத்த நூற்றாண்டில் அது களிப்பையும் விளையாட்டையும் குறிக்கலாயிற்று. எனினும் 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதனை இழிந்த கொச்சைச் சொல் என்றே குறித்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே 'ஃபன்னி' என்பது சிரிப்பூட்டுவதைச் சுட்டத் தொடங்கியது; 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விந்தையானது, ஐயத்திற்குரியது என்னும் பொருளும் அதனுடன் சேர்ந்தது. ஏய்ப்பில் பிறந்த சொல் சிரிப்பில் வளர்ந்து ஐயத்தையும் துணையாகக் கொண்டது.

இதனை ஆங்கிலத்துக்கே உரிய விசித்திரம் என்று எண்ணிவிட வேண்டா. நம்முடைய 'வேடிக்கை'யைப் பாருங்கள். வேடிக்கையாகப் பேசுகிறவர் நம்மைச் சிரிக்க வைக்கிறார். 'இது வேடிக்கையாக இருக்கிறதே!' என்று புருவத்தை உயர்த்துகிறவரோ சிரிப்பதில்லை. வியக்கிறார், சில வேளை சினமும் கொள்கிறார். ஹேவ்லாக்கில் 1950-களில் குடியேறிய வங்காளியரின் மொழியில் 'மஜா' என்ற சொல் உண்டு. பாரசீகத்தில் சுவையைக் குறித்த அது, வங்காளத்தில் களிப்பைக் குறிக்கிறது. நகையைச் சுவையெனக் கொண்டு 'நகைச்சுவை' என்று வழங்கும் நமக்கு இவ்வுறவு புதிதன்று.

நகையின் இயல்பைத் தொல்காப்பியர் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்தார். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்து, பிறரை எள்ளுதலை முதலாவதாகவும், இளமை, பேதைமை, மடமை என்பவற்றை அதன்பின்னும் கூறினார். உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாக்குவார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. இவ்விரண்டாவது எத்துணை அரிய நகை!

மொழிபெயர்ப்போனுக்கு இப்பகுப்பு வெறும் இலக்கணம் அன்று. 'ஃபன்னி' என்ற சொல் எதிர்ப்படும்போதெல்லாம் அவன் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். சிரிப்பவர் யார்? சிரிக்கப்படுபவர் யார்? அன்றி, இது சிரிப்பிற்கே இடமில்லாத எச்சரிக்கையோ? ஓர் ஊழியரைப் பற்றிய குறிப்பில் அச்சொல் வந்தால், 'நகைச்சுவை மிக்கவர்' என்று எழுதுவதற்கும் 'விசித்திரமானவர்' என்று எழுதுவதற்கும் இடையே ஒரு மனிதரின் நற்பெயர் நிற்கிறது.

தமிழில் 'வேடிக்கை பார்த்தல்' என்றும் ஒரு வழக்குண்டு. உதவ வேண்டியவிடத்து உதவாமல் கண்டுநிற்பதையும் அது குறிக்கும். படகின் பொறி முனகும்போது வேடிக்கை பார்த்து நிற்பவராகத் தொழிலாளரை ஆக்கிவிட நம் முதற்படியின் ஒரு சொல்லே போதுமாயிருந்தது. அதன்பின் 'ஃபன்னி'யைக் காணும்போதெல்லாம் நம் எழுதுகோல் சற்றே நின்றுதான் நகர்கிறது.