ரஜூலாவின் பெயரும் பேராக் தமிழரின் எதிர்பார்ப்பும்

பெயர் பெற்ற கப்பல் ஒன்று தன் பெயருக்கேற்ற பயணத்தைத் தந்ததா என்னும் வினா, விடுமுறைக்குக் கடலுலாச் செல்லும் குடும்பங்களிடையே இன்று எழுகின்றது. ஈப்போவிலிருந்தும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ சென்று உல்லாசக் கப்பல் ஏறுவோர் உளர். அவர்களுள் பலருடைய பாட்டனாரும் பாட்டியாரும் இந்நாட்டுக்குக் கப்பலில் வந்தவர்களே. அக்கப்பலுக்கும் பெரும் பெயர் இருந்தது. அதன்மேல் வைக்கப்பெற்ற எதிர்பார்ப்பு இன்றைய எதிர்பார்ப்பைக் காட்டிலும் பன்மடங்கு கனமானது. 1926-ஆம் ஆண்டு கட்டப்பெற்று, 1973-ஆம் ஆண்டு வரை, போர்க்கால இடைவெளி நீங்கலாக, தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய 'ரஜூலா'வே அக்கப்பல். அது தன் பெயரைக் காப்பாற்றியதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பெயர் வந்த வகை

ரஜூலாவை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா ஆவிக்கப்பற் கம்பெனி. 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் ஓட்டத் தொடங்கிய இக்கம்பெனி, 1862-இல் 'பிரிட்டிஷ் இந்தியா' என்னும் பெயரை ஏற்றது. 1914-இல் பி. அண்டு ஓ. கம்பெனியோடு இணைந்த பின்னரும் தன் பெயரையும் அடையாளத்தையும் விடவில்லை. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையங்கள் என்பதே அவ்வடையாளம். எழுத்தறியாத பயணியும் தொலைவிலிருந்தே கம்பெனியை அறிந்துகொள்ள அது போதுமானது. கப்பல்களுக்கு இந்திய ஊர்களின் பெயர்களை இடுவது அக்கம்பெனியின் வழக்கம். ரஜூலா என்பது குஜராத்திலுள்ள ஓர் ஊர்.

ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்ளே கர்ல் என்னும் நிறுவனம் ரஜூலாவைக் கட்டியது. அதே ஆண்டில், அதே வழித்தடத்துக்கென, 'ரோனா' என்னும் உடன்பிறப்புக் கப்பலும் கட்டப்பெற்றது. இரண்டும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றன. இரண்டாம் உலகப் போரில் இரண்டும் படைப்பணிக்கு எடுக்கப்பட்டன. ரோனா 1943 நவம்பர் 26-ஆம் நாள் அல்ஜீரியக் கடலில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டுக்கு இரையாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர் அதில் மாண்டனர். ரஜூலா மீண்டு வந்து பழைய வழியிலேயே மறுபடியும் ஓடியது. போருக்கு முன் தந்தையை ஏற்றி வந்த கப்பல், போருக்குப் பின் மகனை ஊருக்கு ஏற்றிச் சென்றது. பெயர் நிலைத்தது இவ்வாறே.

ஒரு கப்பல், இரு பயணம்

கப்பலின் பெயர் ஒன்று, பயணமோ ஒன்றன்று. ரஜூலாவில் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அறை பெற்றோர் நூற்றுச் சொச்சம் பேரே. வணிகரும் அலுவலரும் கல்வி கற்கச் செல்லும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வறைகளில் சென்றனர். ஏனையோர் தளப் பயணிகள். அவர்களுக்குக் கட்டிலும் இல்லை, அறையும் இல்லை. பாயை விரித்த இடமே படுக்கை. இரும்புப் பெட்டியே தலைமாடும் எல்லைக்கல்லும். கட்டப்பெற்ற காலத்தில் ரஜூலாவுக்கு ஐயாயிரம் பேர் அளவுக்குத் தளப் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. போருக்குப் பின் இவ்வெண்ணிக்கை பெரிதும் குறைக்கப்பட்டது.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ரஜூலாவின் கொள்ளளவு ஏறத்தாழ 8,500 டன். கப்பற் கணக்கில் இந்த டன் எடையைக் குறிப்பதன்று, உள்ளிடத்தைக் குறிப்பது. அக்கால முறையில் ஒரு டன் என்பது 100 கன அடி. ஆகவே, உரிமம் அளித்த எண்ணிக்கை முழுவதும் ஏறினால், ஒருவருக்கு வரும் பங்கு 170 கன அடி. பொறியறை, சரக்கறை, மாலுமிகள் இருப்பிடம், மேல் வகுப்பு அறைகள் அனைத்தையும் சேர்த்து வகுத்த பங்கு இது. அவற்றைக் கழித்தால் தளப் பயணிக்கு எஞ்சுவது ஒரு பாயின் அகலமே.

இதனை இன்றைய கப்பல் ஒன்றோடு ஒப்பிடுவது பயன்தரும். மலேசியாவின் கெந்திங் குழுமம் 1993-இல் கடலுலாக் கப்பற் தொழிலில் இறங்கியது. அதன் ஹாங்காங் நிறுவனம் ஜெர்மனியில் கட்டத் தொடங்கிய பெருங்கப்பல் ஒன்று, 2022-இல் அந்நிறுவனம் நொடித்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. குழந்தைகளின் கதைப்படங்களால் உலகப் புகழ் பெற்ற டிஸ்னி நிறுவனம் அவ்வாண்டிலேயே அதனை வாங்கி, 'டிஸ்னி அட்வென்ச்சர்' எனப் பெயரிட்டுச் சிங்கப்பூரைத் தாய்த்துறையாக அறிவித்தது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 2,08,000 டன். ஏற்றக்கூடிய பயணிகள் ஏறத்தாழ 6,700 பேர். ரஜூலாவைப்போல் இருபத்து நான்கு மடங்கு பெரிய கப்பல், அதன் உரிம எண்ணிக்கையைக் காட்டிலும் ஓராயிரத்து ஐந்நூறு பேரையோ சற்று மிகுதியாகவோதான் ஏற்றுகின்றது. ஒருவருக்கு வரும் பங்கு 31 டன். ரஜூலாவில் அது இரண்டு டன்னைக்கூட எட்டவில்லை. சொகுசு என்பது யாது என்று கேட்பின், இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவே அது எனலாம்.

எதிர்பார்ப்பு விளைந்த இடம்

இனி, தளத்தில் பாய் விரித்தவர் கப்பலிடம் எதிர்பார்த்தது சொகுசா என்று காணல் வேண்டும். இல்லை என்பதே விடை. அவருடைய எதிர்பார்ப்பு கப்பலேறுவதற்கு முன்பே, கிராமத்தில், கங்காணியின் வாய்ச்சொல்லில் விளைந்தது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரையே கங்காணியாக்கி, உரிமம் கொடுத்து, சொந்த ஊருக்கு அனுப்பி ஆள் சேர்ப்பது வழக்கம். ஆளொன்றுக்கு அவருக்குத் தரகு உண்டு. சேர்த்த ஆட்கள் வேலைக்கு வரும் நாள்தோறும் 'தலைக்காசு'ம் உண்டு. ஆகவே கங்காணி மலாயாவைப் பற்றிக் குறைவாகச் சொல்லக் காரணமே இல்லை. அவர் உடுத்து வந்த துணியும் கையிலிருந்த பணமும், அவர் சொல்லுக்குச் சான்றாக ஊரார் கண்முன் நின்றன.

அரசும் தன் பங்குக்கு ஓர் உறுதி அளித்தது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை அமர்த்திய தோட்ட முதலாளிகள் அனைவரும் இந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து கப்பற் கட்டணம் செலுத்தப்படும். தொழிலாளர் கடனின்றிக் கரையிறங்குவர் என்பது திட்டம். ஒப்பந்தக் கூலி முறையும் 1910-இல் ஒழிக்கப்பட்டது. முன்னாளில் கடனோடு வந்து, அக்கடன் தீரும்வரை கட்டுண்டு கிடந்தோரின் நிலையை நோக்க, இது பெரிய மாற்றமே.

எனினும் பயணம் எளிதாயிருந்ததென்று எண்ணற்க. சென்னை வழி செல்வோர் ஆவடி முகாமிலும், நாகை வழி செல்வோர் பாப்பாகோவில் முகாமிலும் காத்திருந்து, மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையை அணையும் துறை இல்லாமையால், படகிலேறிக் கடலுக்குள் சென்று கப்பலைப் பிடிக்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் அதுவே ஒரு சோதனை. பின் சில நாள் கடல், தலைசுற்றலும் வாந்தியும். பினாங்கை அடைந்ததும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். அது முடிந்தபின் பிறைக்கு வந்து ரயிலேறினால், தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ எனப் பேராக்கின் ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். அங்கங்கே இறக்கப்பட்டோர் தத்தம் தோட்டத்து லயங்களை அடைந்தனர்.

அவர்கள் வந்து சேர்ந்த பேராக், ரப்பரின் தொட்டில்களுள் ஒன்று. பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஹியூ லோ 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கின்றது. அம்மரத்தின் வழிவந்த தோட்டங்களே கங்காணியின் வாக்குறுதி சோதிக்கப்பட்ட களம். விடியுமுன் எழுந்து பெயர் கொடுத்தலும், பெண்டிருக்கு ஆடவரினும் குறைந்த கூலியும், ரப்பர் விலை விழுந்தால் கூலியும் விழுதலும் அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தன. 1930-ஐ ஒட்டி எழுந்த பொருளாதார மந்தத்தில் பல்லாயிரவர் வேலையிழந்து திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களைத் திருப்பி அனுப்பவும் அதே குடியேற்ற நிதியே பயன்பட்டது. அவர்கள் திரும்பியதும் அதே கடல்வழியில்தான். கூலித் தகராறுகள் முற்றியதன் விளைவாக, இந்திய அரசு 1938-இல் கட்டண உதவியோடு தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தது.

கப்பல் எதற்குப் பொறுப்பு?

இங்கேதான் நம் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. ரஜூலா அளித்த உறுதி ஒன்றே: ஏறியவரைக் கரை சேர்ப்பேன் என்பது. அவ்வுறுதியை அது தன் இறுதி நாள் வரை காத்தது. அதன் பெயர் மக்கள் நாவில் நின்றதற்கு அதுவே காரணம். ஆனால் கங்காணியின் உறுதியும், தோட்டத் துரையின் உறுதியும், அரசின் உறுதியும் அக்கப்பலிலேயே மூட்டைகளாக ஏற்றப்பட்டன. அவை கரையில் பொய்த்தபோது, அப்பழியைக் கப்பலின்மேல் ஏற்றுவது முறையாகாது. கப்பல் நல்ல கப்பல் என்பதால் அவ்வுறுதிகளும் நல்லவை என்று கொள்வதும் முறையன்று. கம்பெனியின்மேல் சாட்டத்தக்க குறை வேறொன்று உண்டு. ஒருவருக்கு ஒரு பாயளவு இடமே போதுமென்று கணக்கிட்டு, அதற்கு உரிமமும் பெற்றதே அக்குறை. அதற்கான பொறுப்பில் உரிமம் அளித்த அரசுக்கும் பங்குண்டு.

இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது திரும்பிச் சென்றோர் வரலாறு. 1953-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் புதியோர் வரவைக் கட்டுப்படுத்தியது. பின்னர் 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறுதல் கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர், பல்லாண்டு பால்மரம் சீவிய நாட்டை விட்டு 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கப்பலேறினர். அவர்களுள் பலருக்குத் தமிழகம் பெற்றோர் வாயிலாகக் கேட்டறிந்த நாடே. 'அக்கரைக்கு இக்கரை பச்சை' என்னும் பழமொழி, இரு கரையிலும் இடம் இல்லாதவர் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்! அப்போதும் ரஜூலா அவர்களைப் பழுதின்றிக் கரை சேர்த்தது. கரையில் அவர்களுக்கு என்ன இருந்தது என்பது கப்பலின் கணக்கில் சேராது. அவர்களை அனுப்பிய நாட்டின் கணக்கிலும் ஏற்ற நாட்டின் கணக்கிலும் சேரும்.

1973-இல் ரஜூலாவை இந்தியக் கப்பற் கழகம் வாங்கி, 'ரங்கத்' எனப் பெயர் மாற்றியது. மறு ஆண்டே அது உடைக்கப்பட்டது. அதன் வழித்தடத்தில் ஓடிய 'சிதம்பரம்' பிரான்சில் 1966-இல் 'பாஸ்டர்' என்னும் பெயரில் கட்டப்பெற்றது, ரஜூலாவைப்போல் இருமடங்கு பெரியது, வசதிகளும் மிக்கது. ஆயினும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பற்றி நாற்பதின்மர் அளவில் உயிரிழந்தனர். அக்கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. வசதி குறைந்த கப்பல் தன் உறுதியைக் காத்தது. வசதி மிக்க கப்பலால் அது இயலாமற் போயிற்று. பெயரையும் பகட்டையும் கொண்டு மட்டும் கப்பலை அளத்தலாகாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

இன்றைய கடலுலாக் கப்பல் கரை சேர்ப்பதை மட்டும் விற்பதில்லை. பயணத்தின் ஒவ்வொரு நாழிகையையும் இன்பமாக்குவேன் என்று சொல்லியே பணம் பெறுகின்றது. ஆதலின் உணவு சுவைக்கவில்லை, வரிசை நீண்டது, குழந்தைகளுக்குச் சொன்ன காட்சி நடைபெறவில்லை என்று பயணி குறை கூறின், அது நேர்மையான குறையே. எந்தக் கப்பலும் தான் அளித்த உறுதியாலும் அதற்காகப் பெற்ற விலையாலும் அளக்கப்பட வேண்டும். ரஜூலாவை அளக்கவும் இதுவே கோல்.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன; லயங்கள் மறைந்தன. தளத்தில் பாய் விரித்துப் படுத்த நினைவுடையோர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் வீடுகளில் பழைய இரும்புப் பெட்டியும் மங்கிய கடவுச்சீட்டும் இன்னும் இருக்கக்கூடும். தமிழாசிரியர்கள் தம் மாணவர்களிடம் மூன்று வினாக்களைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புதல் வேண்டும். நம் குடும்பத்தினர் எந்தத் துறையில் கப்பலேறினர்? அவர்களிடம் யார், என்ன சொல்லி அழைத்து வந்தார்? வந்த இடத்தில் கண்டது யாது? இரண்டாம் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்தால், பேராக் தமிழரின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி எழுதப்பட்டுவிடும்.